கேள்வி-பதில்: ஒரே ப்ரோக்ராம் கோடு ரெண்டு ப்ராஜெக்ட்ல இருந்தா யாரு பொறுப்பு?

இந்த முறை வந்த மடல்கள்ல காப்பி, சிங்க் (ரெண்டு காப்பியையும் ஒரே மாதிரி ஆக்கறது), மெர்ஜ் (ரெண்டு பக்க மாற்றத்தையும் ஒண்ணா சேக்கறது) சண்டைன்னு ஒரே பக்கமா கேள்விங்க குவிஞ்சிருச்சு. அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க, எல்லாருக்குமே ஊரோட நிறுத்திக்கிட்டேன்.

கேள்வி: நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு தமிழ் கீபோர்டு ஓப்பன் சோர்ஸா எழுதிட்டிருக்கோம். அதே டீம்ல இருந்து ரெண்டு பேர் போய் ஆண்ட்ராய்டுக்கு தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சண்டை எல்லாம் இல்ல. எழுத்து மாத்தற கோடு ரெண்டுலயும் ஒண்ணுதான், காப்பி பண்ணி வச்சிருக்கோம். இங்க ஒரு பக் சரி பண்ணா அங்க போறதில்ல, அங்க பண்ணது இங்க வர்றதில்ல. சப்மாட்யூலா, சப்ட்ரீயா, தனி லைப்ரரியா, எது பெஸ்ட்?
வாசகர், ஓசூர்

பதில்: டூல் எதுன்னு அடுத்த கேள்வியில பாக்கலாம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, அந்தக் கோடுக்கு ஓனர் யாரு? உங்க மடலைத் திரும்பத் திரும்ப படிச்சும் எனக்கு அது பிடிபடல, உங்களுக்கே தெரியாதுன்னுதான் தோணுது. அவங்க பாத்துக்குவாங்கன்னு இவங்களும் இவங்க பாத்துக்குவாங்கன்னு அவங்களும் விட்டு அடுப்புல பால் பொங்கின கதை இது.

ஜிசிசி கம்பைலரையும் (நாம எழுதற கோடை மெஷின் கோடா மாத்தறது) பின்யூட்டில்ஸ்-ஜிடிபியையும் (அப்படி வந்த ஃபைலை ஆராயற, பக் தேடற டூல்ஸ்) பாருங்க. தனித்தனி ரெப்போ (கோடும் அதோட மாற்ற வரலாறும் இருக்கற கிடங்கு), தனித்தனி மெயின்டெய்னர்ஸ் (பொறுப்பாளர்கள்), ரிலீஸ் தேதியும் வேற வேற. ஆனா லிப்ஐபர்ட்டின்னு ஒரு ஃபோல்டர் ரெண்டுலயும் இருக்கும், டாப் லெவல் கான்ஃபிகர் ஃபைலும் ரெண்டுக்கும் பொது. 90கள்ல சிக்னஸ்னு ஒரு கம்பெனி இந்த டூல்ஸை எல்லாம் ஒரே மரத்துல வச்சு வேலை பாத்துச்சு, அந்தக் காலத்துல இருந்து வர்ற சொத்து. லிப்ஐபர்ட்டிக்குள்ள முக்கியமான சரக்கு சி++ டிமேங்க்ளர், அதாவது கம்பைலர் கன்னாபின்னான்னு மாத்தி வச்ச ஃபங்ஷன் பேரை மனுஷன் படிக்கற மாதிரி திருப்பித் தர்றது. ஜிடிபிக்கு அது வேணும், பின்யூட்டில்ஸோட என்எம் கமாண்டுக்கு (ஃபைல்ல இருக்கற ஃபங்ஷன் பேரைப் பட்டியல் போடறது) வேணும், ஜிசிசியோட சி++ லைப்ரரிக்கும் வேணும்.

இவ்ளோ பெரிய ப்ராஜெக்ட், இதுக்கு என்ன பெரிய ஆட்டோமேஷன் வச்சிருப்பாங்கன்னு போய்ப் பாத்தா ஒண்ணும் கிடையாது. பின்யூட்டில்ஸ் ரெப்போல மெயின்டெய்னர்ஸ்னு ஒரு ஃபைல், அதுல லிப்ஐபர்ட்டிக்கு மாஸ்டர், அதாவது மூலக் காப்பி, ஜிசிசி கிட்ட இருக்கு, மாத்தணும்னா அங்க போங்கன்னு எழுதியிருக்கு, அவ்ளோதான். பேட்ச் (திருத்தம்) ஜிசிசிக்கு போகும், அங்க ஓகே ஆனதும் யாராவது ஒருத்தர் அப்படியே கையால இந்தப் பக்கம் காப்பி பண்ணுவாங்க, நடுவுல விட்டுப் போச்சுன்னா எப்பவாவது ஒருத்தர் உக்காந்து மொத்தமா ஜிசிசியோட சிங்க் பண்ணி ஒரு கமிட் (ரெப்போல பதியற மாற்றம்) போடுவாங்க. என்எம்-க்கு கோணல்மாணலா ஒரு ஃபைலைக் குடுத்து கிராஷ் ஆக வைக்கறவங்க பின்யூட்டில்ஸ்ல பக் போட்டா கூட, பக் டிமேங்க்ளர்ல இருந்துச்சுன்னா ஜிசிசி பக்கம் போங்கன்னு திருப்பி அனுப்பிடறாங்க. கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா எந்தக் காப்பி உண்மையான காப்பின்னு அங்க யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல.

உங்களுக்கு என் யோசனை, டெஸ்ட் எந்தப் பக்கம் அதிகமோ அவங்க ஓனர். ஃபோல்டருக்குள்ள ஒரு ரீட்மீ வச்சு மொத வரியிலயே எழுதிடுங்க, இதோட மாஸ்டர் அங்க இருக்கு, இங்க நேரா கை வைக்காதீங்க, கடைசியா சிங்க் பண்ண கமிட் நம்பர் இதுன்னு. தனி லைப்ரரி வேணாம்னு சொல்வேன், அது மூணாவது ரெப்போ, மூணாவது ரிலீஸ், மூணாவது பக் லிஸ்ட், உங்க நாலஞ்சு பேருக்கு அது ஓவர். மூணாவதா ஒரு ப்ராஜெக்ட் அந்தக் கோடைக் கேட்டு வந்தா அப்ப பிரிச்சுக்கலாம்.

கேள்வி: ஆஃபீஸ்ல சப்மாட்யூல்னு சொன்னாலே எல்லாரும் தெறிச்சு ஓடறாங்க. அவ்ளோ மோசமா? சப்ட்ரீ போட்டா எல்லாம் சரியாயிடுமா?
வாசகி, கோவை

பதில்: சப்மாட்யூல் 2007ல கிட் (கோடோட வெர்ஷன் கணக்கு வைக்கற டூல்) 1.5.3ல வந்துச்சு, சப்ட்ரீ 2012ல 1.7.11 கூட கான்ட்ரிப் ஃபோல்டர்ல சேர்ந்துச்சு, ரெண்டும் பழசுதான், ரெண்டைப் பத்தியும் திட்டறவங்க நிறைய. சப்ட்ரீன்னா அடுத்த ரெப்போவோட கோடையே முழுசா உங்க ரெப்போக்குள்ள இறக்கி வச்சுக்கறது. சப்மாட்யூல்ங்கறது அடுத்த ரெப்போவோட ஒரு கமிட்டைச் சுட்டிக் காட்டற ஒரு நம்பர், அவ்வளவுதான். படிக்க மட்டும்னா, அதாவது அந்தக் கோடை நீங்க மாத்தவே போறதில்ல, வருஷத்துக்கு ரெண்டு தடவை புது வெர்ஷனுக்கு நகத்துவீங்கன்னா, அது நல்லாவே வேலை செய்யும். ரெண்டு பக்கமும் தினமும் கை வைக்கற கோடுக்கு போட்டீங்கன்னாதான் தலைவலி.

ரஸ்ட்ங்கற ப்ரோக்ராமிங் மொழிக்காரங்க இதை நல்லா அனுபவிச்சாங்க. கிளிப்பின்னு ஒரு லின்ட் டூல் (கோடுல தப்பைத் தேடிச் சொல்றது), அது ரஸ்ட் கம்பைலரோட உள் ஃபங்ஷன்களை நேரா கூப்பிடும், அந்த உள் ஃபங்ஷன்கள் எப்ப வேணா மாறும். கிளிப்பி தனி ரெப்போ, ரஸ்ட் ரெப்போக்குள்ள சப்மாட்யூலா இருந்துச்சு. கம்பைலர்ல ஒருத்தர் ஒரு ஃபங்ஷன் பேரை மாத்தினா கிளிப்பி உடையும், உடைஞ்சதை அவரால அதே பிஆர்ல (மாற்றத்தைச் சேத்துக்கங்கன்னு குடுக்கற கோரிக்கை) சரி பண்ண முடியாது, ஏன்னா கோடு வேற வீட்டுல இருக்கு, கிளிப்பி ரெப்போல தனியா ஒரு பிஆர், அது மெர்ஜ் ஆனதும் இங்க சப்மாட்யூலை நகத்த இன்னொரு பிஆர், அதுக்குள்ள கம்பைலர்ல வேற ஒண்ணு மாறியிருக்கும். நைட்லி (தினம் ஒண்ணு வர்றது) வெர்ஷன் கிளிப்பி இல்லாமலே வெளிய போகும், கிளிப்பி வேணுங்கறவங்க பழைய நைட்லியிலயே உக்காந்திருப்பாங்க.

2020ல கிளிப்பியை சப்ட்ரீயா மாத்தினாங்க. இப்ப அந்தக் கோடு முழுசா ரஸ்ட் ரெப்போக்குள்ளயே இருக்கு, கம்பைலரை மாத்தறவர் அதே பிஆர்ல கிளிப்பியையும் சரி பண்ணிடுவார், கிளிப்பி டீம் அவங்க ரெப்போலயே பழையபடி வேலை பாப்பாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சிங்க். கேக்க சுகமா இருக்கு இல்ல? ஆனா கிட் சப்ட்ரீ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ரஸ்ட் மாதிரி லட்சக்கணக்குல கமிட் இருக்கற ரெப்போல அது தன்னைத்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆழத்துல போய் விழுந்துடும், டெபியன்-உபுண்டுல இருக்கற டாஷ் ஷெல்லுக்கு அதுக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினா அம்பேல். அதனால சிங்க் பண்றவங்க பேட்ச் போட்ட சப்ட்ரீயைப் போட்டு, யூலிமிட்டை (ஒரு ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் போடற வரம்பு) ஏத்திவிட்டு ஓட்டணும்னு கிளிப்பி டாக்குமென்ட்லயே எழுதி வச்சாங்க. மிரின்னு இன்னொரு டூல், அதை 2022ல கொண்டு வந்தப்ப சப்ட்ரீ பக்கமே போகல, ஜோஷ்னு வேற ஒரு டூலைப் பிடிச்சாங்க.

ரஸ்ட் அளவு ரெப்போ உங்க ஆஃபீஸ்ல இருக்காதுன்னு நம்பறேன், அதனால சப்ட்ரீ போதும். இல்ல, சப்மாட்யூல்தான்னா ஒரு செட்டிங் மட்டும் மறக்காதீங்க, புஷ் (சர்வருக்கு அனுப்பறது) பண்றப்ப ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸை செக்-ல வைங்க. உள் ரெப்போவை புஷ் பண்ணாம வெளி ரெப்போவை மட்டும் புஷ் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடறதுதான் இதுல அடிக்கடி நடக்கற கூத்து, மறுநாள் காலையில யாருக்கும் பில்ட் ஆகாது. இன்னொண்ணு, கிட்ஹப்ல இருந்து ஜிப்பா டவுன்லோட் பண்றவங்களுக்கு சப்மாட்யூல் ஃபோல்டர் காலியாத்தான் வரும், அந்தப் புகாரும் தவறாம வந்து சேரும்.

கேள்வி: சும்மா ஃபைலை காப்பி பண்ணி வச்சுக்கறது அசிங்கம்னு என் சீனியர் சொல்றார். அப்படியா?
வாசகர், மதுரை

பதில்: உங்க சீனியர் ஓட்டற லினக்ஸோட மையமான கர்னலுக்குள்ளயே காப்பி இருக்கு. ஸ்பீடை அளக்கற பெர்ஃப் டூல் கர்னல் ரெப்போலதான் இருக்கு, ஆனா கர்னல் ஹெடர் ஃபைல்களை (பொதுவான அறிவிப்புகள் இருக்கற ஃபைல்) நேரா எடுக்காது, டூல்ஸ் ஃபோல்டர்ல தனக்குன்னு ஒரு காப்பி வச்சுக்கும். கர்னல்ல யாரோ ஹெடரை மாத்தினதுக்கு பெர்ஃப் பில்ட் உடையக் கூடாது, அதே மாதிரி பெர்ஃபுக்கு பயந்துக்கிட்டு கர்னல்காரங்க ஹெடரை மாத்தாம இருக்கவும் கூடாது, அதான் காரணம். பில்ட் பண்றப்ப செக்-ஹெடர்ஸ்னு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் வித்தியாசம் வந்துச்சுன்னா இந்த ஃபைல் மாறியிருக்குன்னு ஒரு வார்னிங், அவ்ளோதான், பில்ட் நிக்காது. பெர்ஃப் மெயின்டெய்னர் வந்து என்ன மாறுச்சுன்னு பாத்து, பெர்ஃப்ல எதாவது சேக்கணுமான்னு யோசிச்சு, அப்புறம் காப்பியைப் புதுப்பிப்பார். க்யூஇஎம்யூங்கற எமுலேட்டரும் கர்னல் ஹெடர்களை இப்படித்தான் ஒரு ஸ்கிரிப்ட் வச்சு இழுக்குது, அந்த அப்டேட் தனி கமிட்டா வரும், கையால யாரும் திருத்த மாட்டாங்க.

கேவலமான காப்பியும் உண்டு. கான்ஃபிக்.கெஸ்னு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், இது என்ன மெஷின்னு கண்டுபிடிக்கறது, கான்ஃபிகர் (கம்பைலுக்கு முன்னாடி ஓட்டற ஸ்கிரிப்ட்) போடற பழைய பேக்கேஜ் முக்கால்வாசியில ஒரு காப்பி இருக்கும். புதுசா ஆர்ம் 64 பிட், ரிஸ்க்-5ன்னு மெஷின் வந்தப்ப ஒரிஜினல்ல சேத்துட்டாங்க, ஆனா ஆயிரக்கணக்கான பேக்கேஜ்ல பத்து வருஷப் பழசு காப்பி அப்படியே தூங்கிட்டிருந்துச்சு. புது போர்டு வாங்கி ஆசையா கம்பைல் பண்ண உக்காந்தவங்களுக்கு மெஷின் எதுன்னு தெரியலன்னு எர்ரர். கடைசியில டெபியன் மாதிரி டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) காரங்க பில்ட் பண்றப்பவே அந்த ஃபைலைப் புதுசா மாத்திடற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. அதுல டைம்ஸ்டாம்ப்னு ஒரு வரி இருக்கும், எந்தத் தேதி காப்பின்னு அதைப் பாத்தா தெரிஞ்சிடும், ஆனா பாக்க ஆள் வேணுமே. செக்-ஹெடர்ஸ் மாதிரி ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதி சிஐல (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா ஓடற சோதனை) மாட்டிட்டு உங்க சீனியர்கிட்ட காட்டுங்க, அப்புறம் அசிங்கம்னு சொல்றாரான்னு பாப்போம்.

கேள்வி: ஒரு லைப்ரரியை எங்க ப்ராஜெக்ட்டுக்குள்ள எடுத்துப் போட்டு, எங்க ஸ்டைலுக்கு பேரெல்லாம் மாத்தி, மெமரி விஷயத்தையும் மாத்தி வச்சோம். இப்ப ஒரிஜினல் எங்கயோ போயிடுச்சு, நாங்க வருஷக்கணக்கா பின்னாடி நிக்கறோம். மெர்ஜ் போட்டா கான்ஃப்ளிக்ட் மழை. என்ன பண்ண?
வாசகர், பெங்களூரு

பதில்: இதே குழியில பெரிய தலைங்களே விழுந்திருக்காங்க. இசட்-ஸ்டாண்டர்டுன்னு டேட்டாவைச் சுருக்கற கம்ப்ரஷன் லைப்ரரி, 2017 நவம்பர்ல வந்த கர்னல் 4.14ல நுழைஞ்சுது, அப்ப எடுத்தது 1.3.1 வெர்ஷன். கர்னலுக்குள்ள மால்லாக் (மெமரி கேக்கற வழக்கமான ஃபங்ஷன்) கிடையாது, பேர் வைக்கற பாணி வேற, அதனால உள்ள கொண்டு வர்றப்ப கையாலயே மாத்தி எழுதினாங்க. அன்னிக்கு அது நல்ல வேலை மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். அப்புறம் வெளிய ஒரிஜினல் வேகமா போயிட்டே இருக்கு, பக் சரி ஆகுது, ஸ்பீடு ஏறுது, கர்னல்ல மட்டும் அதே 1.3.1. பிடிஆர்எஃப்எஸ், ஸ்குவாஷ்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டம் எல்லாம் அதைத்தான் ஓட்டிட்டிருந்துச்சு. 2022 ஜனவரியில 5.16 வந்தப்பதான் 1.4.10க்கு ஏறுச்சு, நாலு வருஷத்துக்கு மேல.

அந்த அப்டேட்டும் லேசா போகல. நாலு வருஷ மாற்றத்தை ஒரே பேட்ச்சா கொண்டு வந்தா யார் ரிவ்யூ பண்றது, துண்டு துண்டா உடைச்சுக் குடுன்னு ஒரு கட்சி, உடைச்சா நடுவுல இருக்கற ஒவ்வொரு துண்டும் யாரும் டெஸ்ட் பண்ணாத கோடு, ஒரிஜினல் ரிலீஸ் மட்டும்தான் நல்லா டெஸ்ட் ஆனதுன்னு இன்னொரு கட்சி. இதுல எனக்கு ரெண்டாவது கட்சிதான் சரி. வெளிய ஆயிரம் இடத்துல ஓடின ரிலீஸை நம்பறதா, மெயில்ல வர்ற நூறு துண்டை நம்பறதா?

தீர்வு எப்படி வந்துச்சுன்னு பாருங்க, அதை நீங்க அப்படியே எடுத்துக்கலாம். மாத்தற வேலையை மனுஷன் கையில இருந்து பிடுங்கி ஸ்கிரிப்ட்டுக்கு குடுத்துட்டாங்க. இசட்-ஸ்டாண்டர்டோட சொந்த ரெப்போலயே லினக்ஸ் கர்னலுக்குன்னு ஒரு ஃபோல்டர் வச்சு, அங்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஒரிஜினல் கோடைப் படிச்சு கர்னலுக்கு ஏத்த மாதிரி ஜெனரேட் பண்ணும். கர்னல் பக்கம் பேர் பாணி பிரச்சனைக்கு மெல்லிசா ஒரு ராப்பர் ஹெடர், அதுல கர்னல் ஸ்டைல்ல ஃபங்ஷன் பேரு, உள்ள ஒரிஜினலைக் கூப்பிடும். அதனால பிடிஆர்எஃப்எஸ் காரங்க ஒரிஜினல்ல பேர் மாறினா கவலைப்பட வேண்டியதில்ல, ராப்பரை மட்டும் திருத்தினா போதும். அடுத்த வெர்ஷனுக்குப் போறதும் ஸ்கிரிப்ட்டைத் திரும்ப ஓட்டற வேலையா சுருங்கிடுச்சு, கர்னல் 6.2ல 1.5.2 வந்து சேர்ந்துச்சு.

நீங்க மெர்ஜ் போடாதீங்க, அந்த மழையில நனையறதுல பிரயோஜனமே இல்ல. நீங்க பண்ண மாற்றங்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க, பேர் மாத்தினது எல்லாம் ராப்பருக்குப் போகட்டும், மெமரி மாற்றத்தை ஒரிஜினல் காரங்ககிட்ட ஒரு ஆப்ஷனா சேத்துக்கச் சொல்லிக் கேளுங்க, நிறைய பேர் ஒத்துக்குவாங்க. அதுக்கும் மிஞ்சி நிக்கறதை நம்பர் போட்ட பேட்ச் ஃபைலா தனி ஃபோல்டர்ல வைங்க. அப்புறம் பழைய காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு புது ரிலீஸைச் சுத்தமா இறக்கி, பேட்ச்சை ஒண்ணொண்ணா ஏத்துங்க.

கேள்வி: எங்கட ப்ராஜெக்ட் ரெண்டாப் பிரிஞ்சு போச்சு, மற்ற ஆக்கள் எங்களோட கதைக்கிறதே இல்லை. ஆனா அவை செய்யிற திருத்தங்கள் சிலது எங்களுக்கும் தேவை, சிலது வேண்டாம். எப்பிடிக் கணக்கு வைக்கிறது?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல 2011 ஜனவரியில நடந்த அதே பிரச்சனை. ஒரு கோஷ்டி தனியா போய் மார்ச்ல லிப்ஏவின்னு பேர் வச்சுக்கிச்சு, ரெண்டு பக்கமும் முகம் குடுத்துப் பேசறதில்ல. எஃப்எஃப்எம்பெக் என்ன பண்ணுச்சுன்னா லிப்ஏவில வர்ற கமிட் எல்லாத்தையும் விடாம, கிட்டத்தட்ட தினமும், தன் பக்கம் மெர்ஜ் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. எதிர்ப் பக்கம் அப்படி மொத்தமா எடுக்கல. வருஷம் ஓட ஓட எஃப்எஃப்எம்பெக்ல அவங்களோடதும் இருக்கு, இவங்களோடதும் இருக்குன்னு ஆச்சு, லிப்ஏவிக்கு மாறிப் போன டெபியனும் 2015ல திரும்பி எஃப்எஃப்எம்பெக்குக்கே வந்துச்சு.

உங்க கேள்விக்கு பதில் எஃப்எஃப்எம்பெக் காரங்க வேண்டாத கமிட்டை என்ன பண்ணாங்கங்கறதுல இருக்கு. வேண்டாம்னு தாண்டிப் போகல, அதையும் மெர்ஜ்னே பதிஞ்சாங்க, ஆனா கோடு எதுவும் மாறாது, மெசேஜ்ல மட்டும் இது நோ-ஆப், இந்தக் கமிட்டைப் பாருங்கன்னு தங்களோட பழைய கமிட் நம்பரைக் குடுத்திருப்பாங்க. கிட்ல மெர்ஜுக்கு அவர்ஸ்னு ஒரு ஸ்ட்ராட்டஜி (நம்ம கோடையே அப்படியே வச்சுக்கறது) இருக்கு, அது இதுக்குத்தான் உதவும். வேணாம்னு முடிவு பண்ணதையும் பதிஞ்சு வச்சாத்தான் அடுத்து வர்ற ஆள் அதே கமிட்டைத் திரும்ப எடுத்து வச்சுக்கிட்டு இதை ஏன் விட்டாங்கன்னு மண்டையை உடைக்க மாட்டார். எப்பவாவது ஒண்ணு ரெண்டு மட்டும் எடுக்கறீங்கன்னா மெர்ஜ் வேண்டாம், செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுக்கறது) போதும், மைனஸ் எக்ஸ் சேத்துப் போடுங்க, எங்க இருந்து வந்துச்சுங்கற நம்பர் மெசேஜ்லயே ஒட்டிக்கும்.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் வெர்ஷன் கேட்டா 9.6பி1ன்னு வருது, அந்த பி1 என்ன?
மாணவி, திருநெல்வேலி

பதில்: போர்ட்டபிள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை (தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள நுழையற டூல்) ஓப்பன்பிஎஸ்டிங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டம் காரங்க அவங்க சிஸ்டத்துக்கு மட்டும்னு சிவிஎஸ்ல (கிட் மாதிரி ஒரு பழைய டூல்) எழுதறாங்க, சுத்தமா இருக்கும். லினக்ஸ், மேக் மாதிரி மத்த சிஸ்டத்துக்கு ஏத்த ஒட்டு வேலையெல்லாம் கிட்ல தனி ரெப்போ, அதுதான் பி. முடிஞ்ச வரைக்கும் ஒட்டு வேலையை ஓப்பன்பிஎஸ்டி-காம்பாட்னு ஒரே ஃபோல்டர்ல அடைச்சு வச்சிருக்காங்க. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற ஒவ்வொரு கமிட்டும் அப்ஸ்ட்ரீம்னு ஆரம்பிக்கும், அடியில ஓப்பன்பிஎஸ்டி கமிட் ஐடி இருக்கும். ஓசூர் வாசகரும் இதைப் போய்ப் பாருங்க.

டிஸ்ட்ரோ காரங்க இதுக்கும் மேல தங்க பேட்ச் ஒட்டுவாங்க. 2024 மார்ச்ல எக்ஸ்இசட் பேக்டோர் (எக்ஸ்இசட்ங்கற சுருக்கற லைப்ரரியில ஒளிச்சு வச்ச கள்ள வழி) வெளிய வந்துச்சே, அதுக்கு எஸ்எஸ்ஹெச் சர்வருக்குள்ள வழி கிடைச்சதே டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோல ஒட்டின ஒரு பேட்ச்னாலதான், சிஸ்டம்டிக்கு (சர்வர்களை ஆரம்பிச்சு வைக்கற ப்ரோக்ராம்) நான் ரெடின்னு சொல்றதுக்காக மொத்த சிஸ்டம்டி லைப்ரரியையும் இழுத்தாங்க, அது பின்னாடியே எக்ஸ்இசட் லைப்ரரியும் வந்துச்சு. அதே வருஷம் ஜூலையில 9.8 வந்தப்ப ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சே அந்த ரெடி சொல்ற வேலையை லைப்ரரி எதுவும் இல்லாம தானே எழுதிச் சேத்துக்கிச்சு. முன்னாடியே மேல, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கே போயிருக்க வேண்டிய பேட்ச்.

கேள்வி: முன்னெல்லாம் லினக்ஸ்ல ஒரு சாஃப்ட்வேர்ல தமிழ் சரியா தெரியும், இன்னொண்ணுல கொம்பு இடம் மாறி நிக்கும். இப்ப அப்படி இல்ல. என்ன மாறுச்சு?
வாசகர், பினாங்கு

பதில்: நல்ல ஞாபகம் உங்களுக்கு! கொ-ங்கற எழுத்துல உயிர்க்குறி ஒண்ணுதான், க-வுக்கு அப்புறம்தான் ஸ்டோர் ஆகுது, ஆனா திரையில அது ரெண்டா உடைஞ்சு பாதி முன்னாடி வரணும், பாதி பின்னாடி வரணும். ஃபான்ட்டோட சேர்ந்து இதைப் பண்றது ஷேப்பர். ஃப்ரீடைப்ங்கற ஃபான்ட் லைப்ரரியில இருந்த ஓப்பன்டைப் லேஅவுட் கோடை (எழுத்தை இடம் பாத்து அடுக்கறது) நோம் டெஸ்க்டாப் பக்கம் பாங்கோ லைப்ரரி காப்பி பண்ணிக்கிச்சு, கேடிஇ டெஸ்க்டாப் பக்கம் க்யூட்டி லைப்ரரியும் காப்பி பண்ணிக்கிச்சு, ஃப்ரீடைப் 2ல அந்தக் கோடையே விட்டுட்டாங்க. ஓனரே இல்லாத காப்பி ரெண்டு, இந்திய எழுத்துகளுக்கு ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக்கிட்ட ஷேப்பர் வேற. ஒண்ணுல சரியாகற தமிழ் பக் இன்னொண்ணுல அப்படியே இருக்கும், நீங்க பாத்தது அதைத்தான்.

ரெண்டையும் திரும்ப ஒண்ணு சேக்க ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்தான் ஹார்ஃபஸ். சேத்துப் பாத்தும் சரியா வராம அப்புறம் முதல்ல இருந்தே திருப்பி எழுதினாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அவங்க டெஸ்ட் பண்ண விதம். விக்கிப்பீடியால இருந்து இந்திய மொழிச் சொற்களை அள்ளிட்டு வந்து, விண்டோஸோட ஷேப்பரான யூனிஸ்க்ரைப் எப்படிக் காட்டுது, நாம எப்படிக் காட்டறோம்னு சொல் சொல்லா ஒப்பிட்டாங்க, தமிழுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல சொல்லு. இன்னிக்கு பாங்கோ, க்யூட்டி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் அதான், லிப்ரெஆஃபீஸ் 2017ல 5.3ல முழுசா மாறுச்சு. குரோமியமும் க்யூட்டியும் இன்னிக்கும் தங்க ரெப்போல அதோட காப்பி ஒண்ணு வச்சிருக்கு, ஆனா கொம்பு இடம் மாறினா பக் எங்க போடணும்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: அடுத்த ப்ராஜெக்ட்ல இருந்து ஃபைல் எடுத்தா மேல இருக்கற காப்பிரைட் வரியை அழிச்சிடலாமா? எங்க டெம்ப்ளேட்டோட ஒத்து வரல.
வாசகர், சென்னை

பதில்: கூடாது. டெம்ப்ளேட்டை மாத்துங்க. லைசென்ஸ் ஃபைலையும் சேத்து எடுத்துட்டு வாங்க, உங்களோடது எம்ஐடி (நிபந்தனை கம்மியான லைசென்ஸ்), அவங்களோடது ஜிபிஎல்னா (வெளிய குடுத்தா கோடையும் குடுக்கணும்ங்கற லைசென்ஸ்) எடுக்கறதுக்கு முன்னாடியே யோசிங்க, எடுத்து ஆறு மாசம் கழிச்சு யோசிச்சா பிரிக்கவே முடியாது.